மகளின் வலது கால்

திருச்சி பெரிய கடை வீதியில் கொலுசு வாங்கப் போனபோதுதான் அது உறுதியானது. மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. இடது காலில் போட்ட கொலுசின் திருகு சுலபமாகப் பொருந்தியது. அதே ஜோடியின் இன்னொன்று வலது காலைச் சுற்றி வரவே இல்லை. கடைக்காரர் ஓர் அளவு பெரிய ஜோடியை எடுத்துக் கொடுத்தார். அது வலது காலில் கச்சிதமாக இருந்தது, இடது காலில் குதிகாலைத் தாண்டி நழுவியது. அவர் இரண்டு கால்களையும் மாறி மாறிப் பார்த்தார். "பாப்பாவுக்கு ஒரு கால்ல வீக்கம் ஏதும் இருக்காம்மா? டாக்டர்கிட்ட ஒருதடவை காட்டிடுங்க" என்றார்.

வீக்கம் இல்லை என்று எனக்குத் தெரியும். என் அம்மாதான் காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் கால்மேல் போட்டு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவாள். "இந்தத் தொடை மட்டும் கொஞ்சம் புஷ்டியா இருக்குடி" என்று கைக்குழந்தையாக இருந்தபோதே அவள் சொல்லியிருந்தாள். தடுப்பூசிக்குப் போன இடத்தில் கேட்டேன். "நடக்க ஆரம்பிச்சா சரியாயிடும்" என்றார்கள். நடக்க ஆரம்பித்தாள். வித்தியாசம் அப்படியே இருந்தது.

இன்று அவளுக்கு எட்டு வயது. இதைப் பற்றி இதுவரை நான் எழுதியதில்லை. போன வாரம் சித்தி மகள் போன் செய்தாள். அவள் பையனுக்கு ஒரு கை இன்னொன்றைவிடத் தடிமனாக இருக்கிறதாம். ஆளுக்கு ஒன்று சொல்கிறார்களாம். "ஏன்க்கா இப்படின்னு யாருமே சொல்ல மாட்டேங்கறாங்க" என்று திரும்பத் திரும்ப அழுதாள். அன்று ராத்திரி அவளிடம் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. ஆனால் இந்த விஷயத்தோடு பல வருஷமாக வாழ்கிற ஒரு அம்மா. எனக்குப் புரிந்த முக்கியமான விஷயம் இதுதான்: 'ஏன்' என்பதற்குப் பதில் கடைசிவரை கிடைக்காமலே போகலாம். அப்போதும் 'அடுத்து என்ன செய்யணும்' என்பதற்குத் தெளிவான பதில் உண்டு. முதல் கேள்விக்குப் பதில் கிடைக்கட்டும் என்று இரண்டாவதைத் தள்ளிப்போடக் கூடாது.

கொலுசு கதையைக் கேட்டதும் வீட்டில் எல்லோரும் குழந்தையைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். என் அப்பா அவளுடைய இடது காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது சூம்பியிருக்கிற மாதிரி இல்ல?" என்றார். அவர் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் வகுப்புக்கு ஒரு பிள்ளையாவது இளம்பிள்ளை வாதம் வந்து கால் மெலிந்து இருந்திருக்கிறது. ஒரு கால் மெலிவாகத் தெரிந்தாலே அந்தத் தலைமுறைக்கு அதுதான் நினைவுக்கு வரும். இந்தியாவில் இயற்கையான போலியோ வைரஸ் கடைசியாகத் தாக்கியது 2011 ஜனவரியில், மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்தில். 2014 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் போலியோ ஒழிந்துவிட்டது என்று நம் நாட்டுக்குச் சான்றிதழே கொடுத்துவிட்டது. அப்பாவுக்கு இதெல்லாம் தெரியும், ஆனாலும் பயம் விடவில்லை.

பக்கத்து வீட்டுப் பாட்டி பார்த்தது வலது காலை. "யானைக்காலா இருக்கப் போகுதும்மா, கொசு ஜாஸ்தி இந்தத் தெருவுல" என்றார். யானைக்கால், கொசு மூலம் உடம்புக்குள் போகும் புழு நிணநீர்க் குழாய்களைக் கெடுத்து, பல வருஷம் கழித்து வருகிற வீக்கம். ஒன்றரை வயதுக் குழந்தைக்கு அப்படி வராது.

அதே இரண்டு கால்கள். ஒருவருக்கு இடது கால் மெலிந்து தெரிந்தது, இன்னொருவருக்கு வலது கால் பெருத்துத் தெரிந்தது. பிறகு நாங்கள் போய்ப் பார்த்த குழந்தைகள் டாக்டரும் இங்கிருந்துதான் ஆரம்பித்தார். எது பிரச்சினை, பெரியதா, சிறியதா? இதற்குப் பதில் தெரியாமல் மேலே போக முடியாது.

அவர் குழந்தையை ஜட்டியோடு மட்டும் விட்டு, அறையில் நடக்க விட்டார். ஒரு பொம்மையை நீட்டி எந்தக் கையால் வாங்குகிறாள் என்று பார்த்தார். படுக்கவைத்து இரண்டு முட்டியையும் மடக்கி, பாதங்களைச் சேர்த்து வைத்து, முட்டிகள் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்று கவனித்தார். இடுப்பு மூட்டு நழுவியிருக்கிற குழந்தைக்கு அந்தப் பக்கத்து முட்டி தாழ்ந்து தெரியும், தொடை மடிப்புகளும் ஒன்றுபோல இருக்காது. பெண் குழந்தைகளுக்கும், வயிற்றில் தலை மேலாக இருந்து பிறந்தவர்களுக்கும், தலைப்பிள்ளைகளுக்கும் இது கொஞ்சம் அதிகமாக வரும். சீக்கிரம் கண்டுபிடித்தால் பெல்ட் போட்டே சரிசெய்துவிடலாம், தாமதமானால் ஆபரேஷன் வரை போகும்.

பிறகு தசையின் இறுக்கத்தைப் பார்த்தார். மூளையின் ஒரு பக்கம் பாதிக்கப்பட்டிருந்தால் உடம்பின் எதிர்ப்பக்கத்துக் கையும் காலும் இறுகி, மெதுவாக வளரும். அப்படிப்பட்ட குழந்தை ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்த ஆரம்பிக்கும். இதை நான் அன்றுதான் தெரிந்துகொண்டேன். நம் வீடுகளில் "இவன் இப்பவே இடது கைக்காரன்" என்று சந்தோஷமாகச் சொல்வோம். ஒரு வயதுக்குள் ஒரே கையை மட்டும் நீட்டி, இன்னொரு கையை மூடியே வைத்திருந்தால் அதை டாக்டரிடம் காட்ட வேண்டும்.

தோலையும் விடவில்லை. வலது காலில் சிவந்த மச்சம் படர்ந்திருக்கிறதா, நரம்புகள் புடைத்திருக்கின்றனவா, உடம்பில் காபிக் கறை போன்ற புள்ளிகள் உண்டா? ஒவ்வொன்றும் ஒவ்வொரு நோயைக் காட்டும். சிவந்த மச்சம், புடைத்த ரத்தக் குழாய், பெருத்த கால் மூன்றும் சேர்ந்து வந்தால் அதற்குக் கிளிப்பெல்-ட்ரெனோனே என்று பெயர். 1900-இல் அதை எழுதி வைத்த இரண்டு பிரெஞ்சு டாக்டர்களின் பெயர் அது. என் மகளுக்கு இவை எதுவும் இல்லை.

கடைசியாக இன்ச் டேப். முட்டிச்சில்லின் மேல் விளிம்பிலிருந்து ஒரே தூரத்தில் பேனாவால் புள்ளி வைத்து இரண்டு தொடையையும் சுற்றி அளந்தார். கெண்டைக்காலில் அதிகச் சதை உள்ள இடத்தில் அளந்தார். இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து உள் கணுக்கால் வரை நீளம் எடுத்தார். எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதினார். இடது கால் அவள் வயதுக்குச் சரியான அளவில் இருந்தது. வலது கால்தான் நீளத்திலும் சுற்றளவிலும் கூடுதல்.

"ஒரு பக்கம் மட்டும் அதிகமா வளருதும்மா. ஹெமிஹைப்பர்ட்ரோஃபின்னு சொல்வோம்" என்றார். இப்போது 'லேட்டரலைஸ்டு ஓவர்குரோத்' என்றும் ரிப்போர்ட்டுகளில் எழுதுகிறார்கள்.

அடுத்து அவர் கேட்டவை எனக்குச் சம்பந்தமே இல்லாதவையாகத் தோன்றின. பிறந்தபோது எடை எவ்வளவு? முதல் நாட்களில் சர்க்கரை குறைந்ததா? தொப்புளில் பிதுக்கம் இருந்ததா? நாக்கு வாய்க்கு வெளியே நீண்டிருக்குமா? காதுமடலில் கோடு விழுந்தது போல மடிப்பு உண்டா? இவை எல்லாம் பெக்வித்-வீடெமான் என்ற ஒரு நிலையின் அடையாளங்கள். அமெரிக்க டாக்டர் பெக்வித் 1963-லும், ஜெர்மன் டாக்டர் வீடெமான் 1964-லும் தனித்தனியாக அதை விவரித்தார்கள். சுமார் பத்தாயிரம் பிறப்புக்கு ஒன்று என்ற கணக்கில் வருவது. சில குழந்தைகளுக்கு எல்லா அடையாளமும் இருக்கும், சிலருக்கு ஒரு பக்கம் பெரிதாக இருப்பது மட்டுமே தெரியும்.

பிறகு அவர் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னதை என்னால் மறக்க முடியாது. "இனிமே நாம கவனமா பார்க்கப்போறது காலை இல்லம்மா, வயித்தை."

ஒரு பக்கம் அதிகமாக வளரும் குழந்தைகளில் சிலருக்குச் சிறுநீரகத்தில் வில்ம்ஸ் கட்டி என்ற புற்றுநோய் வரலாம், இன்னும் குறைவானவர்களுக்குக் கல்லீரலிலும் வரலாம். 1998-இல் வெளியான ஓர் ஆய்வில், வேறு எந்த அடையாளமும் இல்லாமல் ஒரு பக்கம் மட்டும் பெரிதாக இருந்த 168 பேரைப் பார்த்தபோது, சுமார் 6 சதவீதத்தினருக்குக் கட்டி வந்திருந்தது. அதாவது நூறில் தொண்ணூற்று நான்கு பேருக்கு வரவில்லை. இதை டாக்டர் அழுத்திச் சொன்னார். ஆனால் அந்த நிமிஷத்தில் என் காதில் விழுந்தது அந்த ஆறு மட்டும்தான். என் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

உங்களில் யாராவது இப்போது இந்த வரியைப் படித்து நடுங்கினால், அடுத்ததையும் சேர்த்துப் படியுங்கள். குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் மிக நன்றாகக் குணமாகிறவற்றில் வில்ம்ஸ் கட்டி ஒன்று. நல்ல சிகிச்சை கிடைக்கும் இடங்களில் பத்தில் ஒன்பது குழந்தைகள் பிழைத்து வளர்கிறார்கள். சிறியதாக இருக்கும்போதே கண்டுபிடித்தால் சிகிச்சையும் லேசாக முடியும். அதனால்தான் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வயிற்று அல்ட்ராசவுண்டு ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள். இது வேகமாக வளரும் கட்டி, அதனால் வருஷத்துக்கு ஒருமுறை பார்ப்பது போதாது. பெரும்பாலும் ஏழு வயதுக்குள் வந்துவிடுவதால் ஏழு வயதுவரை பார்க்கிறார்கள். சில டாக்டர்கள் முதல் சில வருஷங்களுக்குக் கல்லீரலுக்காக ஒரு ரத்தப் பரிசோதனையும் சேர்ப்பார்கள். அல்ட்ராசவுண்டில் கதிர்வீச்சு இல்லை. திரும்பத் திரும்ப எடுத்தாலும் குழந்தைக்குக் கெடுதல் இல்லை.

அந்த ஸ்கேன் காலைகளைத் தாண்டுவது லேசில்லை. சில மணி நேரம் ஒன்றும் கொடுக்காமல் கூட்டிக்கொண்டு போக வேண்டும். பாலுக்கு அழும் குழந்தையோடு டோக்கன் எண்ணைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். ஜெல் ஜில்லென்று பட்டதும் அலறுவாள். ஸ்கேன் எடுப்பவர் திரையில் ஓரிடத்தில் கொஞ்சம் அதிக நேரம் நின்றாலே எனக்கு மூச்சு நின்றுபோகும். கொஞ்சம் பெரியவளானதும் அவளே, "அக்கா, என் கிட்னி தெரியுதா?" என்று கேட்க ஆரம்பித்தாள். ஒரு நோட்டில் தேதி, காலின் நீளம், சுற்றளவு, ஸ்கேன் முடிவு எல்லாவற்றையும் அவளுடைய அப்பா எழுதி வைத்தார். எங்கள் பயத்துக்கு அந்த நோட்டு ஓர் ஒழுங்கைக் கொடுத்தது. ஒரு ஸ்கேனிலிருந்து அடுத்த ஸ்கேன்வரை நிம்மதியாக இருக்கப் பழகினோம். ஏழு வயது முடிந்தது. எந்த ஸ்கேனிலும் ஒன்றும் இல்லை.

ஆனால் இத்தனை வருஷத்தில் என்னை அதிகம் வருத்தியது ஸ்கேன் இல்லை. காரணம் தேடியவர்களின் கேள்விகள்தான்.

"கிரகணத்தன்னிக்கு வெளிய போனியா?" "மாசமா இருக்கும்போது ஒரே பக்கமா படுத்துக்கிட்டியா?" "பப்பாளி சாப்பிட்டியா?" "உங்க வழியில யாருக்காவது இப்படி உண்டா?" குலதெய்வத்துக்கு மொட்டை போடத் தாமதமானதுகூடக் காரணமாகச் சொல்லப்பட்டது. அத்தை ராத்திரி உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுவார்கள். அவர்களுக்குப் பேத்திமேல் உயிர், நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் காரணம் தேடுகிற ஒவ்வொரு கேள்வியும் கடைசியில் பெற்றவளிடம்தான் வந்து நிற்கிறது. சுமந்தவள் அவள், அதனால் தவறும் அவளுடையதாகத்தான் இருக்கும் என்று யாரும் சொல்லாமலே எல்லோரும் நினைக்கிறார்கள். நடு ராத்திரியில் நானும் அந்த ஒன்பது மாதத்தை நாள் நாளாக மனதுக்குள் புரட்டியிருக்கிறேன்.

மரபணு டாக்டரிடம் போனபோது அவர் எனக்குப் புரிகிற மாதிரி விளக்கினார். காகிதப்பூச் செடி பார்த்திருப்பீர்கள். சிவப்பாகப் பூக்கும் ஒரே செடியில் ஒரு கிளை மட்டும் திடீரென்று வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ பூக்கும். அந்தக் கிளை முளைத்த இடத்தில் ஏதோ ஓர் உயிரணுவில் மாற்றம் நடந்து, அதிலிருந்து வந்த எல்லாவற்றுக்கும் அது தொடர்ந்திருக்கிறது. விதையிலும் குறை இல்லை, தண்ணீர் ஊற்றியவரிடமும் குறை இல்லை. குழந்தையின் உடம்பிலும் அப்படித்தான். கரு உருவான பிறகு, அது சில உயிரணுக்களாக மட்டும் இருக்கிற நேரத்தில், ஒன்றில் ஒரு மாற்றம் நடக்கிறது. அதன் வழியில் வந்த உயிரணுக்கள் எந்தப் பக்கம் போனதோ அந்தப் பக்கம் கூடுதலாக வளர்கிறது. தான் கர்ப்பமாக இருக்கிறோம் என்று அம்மாவுக்கே தெரியவரும் முன்பே அது முடிந்துபோயிருக்கும்.

எந்த மாற்றம் என்பதிலும் பல வகை உண்டு. பதினோராம் குரோமோசோமில் ஐ.ஜி.எஃப்.2 என்று ஒரு வளர்ச்சி மரபணு இருக்கிறது. அதில் அப்பாவிடமிருந்து வந்த பிரதி மட்டும் வேலை செய்யும், அம்மாவிடமிருந்து வந்த பிரதி சும்மா இருக்கும். சில உயிரணுக்களில் இந்த ஏற்பாடு மாறி இரண்டு பிரதிகளும் வேலை செய்தால் அங்கே வளர்ச்சி கூடும். வேறு சிலருக்கு பி.ஐ.கே.3.சி.ஏ. என்ற மரபணுவில் மாற்றம் இருக்கும். கண்டுபிடிக்க முடிகிற குழந்தைகளும் உண்டு, முடியாதவர்களும் உண்டு.

என் மகளுடைய ரத்தப் பரிசோதனை முடிவு 'நார்மல்' என்று வந்தது. காலில் இருக்கும் மாற்றம் ரத்தத்தில் இருக்க வேண்டிய அவசியம் இல்லை என்று டாக்டர் சொன்னார். அதனால் அந்த நார்மலை நம்பி ஸ்கேனை நிறுத்தக் கூடாது. காலிலிருந்து சின்னத் தோல் துண்டு எடுத்துச் சோதிக்கலாம் என்றும் சொன்னார். "அதுல ஏதாவது தெரிஞ்சா இவளுக்கு நாம செய்யறது மாறுமா சார்?" என்று என் கணவர் கேட்டார். "இவளுக்கு இருக்கற அளவுக்கு மாறாதும்மா" என்று டாக்டர் என்னைப் பார்த்துப் பதில் சொன்னார். வேண்டாம் என்று முடிவு செய்தோம். கால் மிக வேகமாகப் பெருக்கிற, வலிக்கிற குழந்தைகளுக்கு அந்தப் பரிசோதனை மிகவும் தேவைப்படலாம். அவர்கள் விஷயம் வேறு.

காரணம் எழுத வேண்டிய இடத்தில் 'தெரியவில்லை' என்று எழுதிய ஃபைலை வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது எனக்கு ஆச்சரியமாக ஒரு தெம்பு இருந்தது. ஏனென்றால் அதே ஃபைலில் அடுத்த ஸ்கேன் தேதி இருந்தது, அடுத்து கால் அளக்கும் தேதி இருந்தது. எனக்கு வேண்டியது அந்தத் தேதிகள்தான்.

இனி காலின் கதை. நம் இரண்டு கால்களும் தனித்தனியாகத்தான் வளர்கின்றன. எலும்பின் முனைக்கு அருகே குருத்தெலும்பாலான வளர்ச்சித் தட்டுகள் இருக்கின்றன. கால் நீளத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு முட்டியைச் சுற்றியுள்ள இரண்டு தட்டுகளிலிருந்துதான் வருகிறது. பதினாலு, பதினாறு வருஷம் இப்படித் தனித்தனியாக வளர்ந்து, இரண்டு கால்களும் ஏறக்குறைய ஒரே நீளத்தில் வந்து நிற்பதுதான் உண்மையில் அதிசயம். பெரியவர்களில் பலருக்குச் சில மில்லிமீட்டர் வித்தியாசம் இருக்கிறது, அவர்களுக்கு அது தெரிவதே இல்லை.

எங்களுடைய ஆர்த்தோ டாக்டர் டேப்பை மட்டும் நம்புவதில்லை. நெளிகிற குழந்தையிடம் டேப் தவறும். சிறிய காலின் கீழே மெல்லிய மரப்பலகைகளை ஒவ்வொன்றாக வைத்து, இடுப்பு சமமாக வரும்போது பலகைகளின் உயரத்தைக் கணக்கிடுவார். மூன்று வயதில் வித்தியாசம் ஒரு சென்டிமீட்டர். "இது பெரியவளானதும் எவ்வளவு ஆகும்?" என்று கேட்டேன். பெண் குழந்தையின் கால் மூன்று வயதில் அதன் முழு நீளத்தில் பாதியை எட்டிவிடுமாம், ஆண் குழந்தைக்கு நான்கு வயதில். பிறவியிலேயே வருகிற வித்தியாசம் பெரும்பாலும் அதே விகிதத்தில் வளரும். அப்படியென்றால் மூன்று வயதில் ஒன்று, வளர்ந்து முடிக்கும்போது இரண்டு. ட்ரோர் பேலி என்ற டாக்டரும் அவர் குழுவினரும் 2000-இல் வெளியிட்ட அட்டவணையில் ஒவ்வொரு வயதுக்கும் ஒரு பெருக்கல் எண் இருக்கிறது. எட்டு வயதான இப்போது ஒன்றரை சென்டிமீட்டர். கணக்கு ஒத்துப்போகிறது.

இரண்டு சென்டிமீட்டருக்குள் இருந்தால் பெரும்பாலும் செருப்புக்குள் ஒரு மெத்தை போதும், சிலருக்கு அதுவும் வேண்டாம். இரண்டிலிருந்து ஐந்துவரை இருந்தால், சரியான வயதில் நீளமான காலின் முட்டித் தட்டுகளின் வளர்ச்சியை ஒரு சிறிய ஆபரேஷனால் நிறுத்திவிடுவார்கள். சின்னக் கால் வளர்ந்து வந்து சேர்ந்துகொள்ளும். இதற்கு நேரம்தான் முக்கியம். பெண்களுக்குச் சுமார் பதினாலு வயதிலும், பையன்களுக்குச் சுமார் பதினாறிலும் கால் வளர்ச்சி முடிந்துவிடும். அதற்குப் பிறகு போனால் இந்த வழி மூடிவிடும். அதைவிடப் பெரிய வித்தியாசத்துக்குச் சின்னக் காலின் எலும்பை நீட்டுவார்கள். சைபீரியாவின் குர்கான் நகரில் டாக்டர் இலிசாரோவ் உருவாக்கிய வளையக் கருவியால் ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம் நீட்டும் முறை இன்று உலகம் முழுவதும் இருக்கிறது. என் மகள் முதல் எல்லையின் ஓரத்தில் நிற்கிறாள். பத்து வயதில் எக்ஸ்ரே எடுத்து, எலும்பின் வயதையும் பார்த்து முடிவு செய்வோம்.

அதுவரை இடது ஷூவுக்குள் ஒரு மெத்தை. வலது பாதம் பெரியது என்பதால் ஒவ்வொரு ஜூன் மாதமும் இரண்டு ஜோடி ஸ்கூல் ஷூ வாங்குகிறோம்.

அவளிடம் எதையும் மறைக்கவில்லை. சின்ன வயதில், "ஏம்மா என் கால் மட்டும் இப்படி?" என்று கேட்டாள். "உன் வலது கால் கொஞ்சம் வேகமா வளருது. எவ்வளவு வேகம்னு நாம அளந்துக்கிட்டே இருக்கோம்" என்றேன். வகுப்பில் யாராவது கேட்டால் இப்போது அதையே அவள் சொல்கிறாள். "பாவாடை போட்டு விடு, வெளிய தெரியாது" என்று உறவுக்காரர்கள் சொல்வதுண்டு. அவளுக்குப் பிடித்தால் பாவாடை போடுவாள், பிடித்தால் டிரவுசர் போடுவாள். காலை மறைக்கச் சொன்னால், மறைக்க வேண்டிய ஏதோ ஒன்று தன்னிடம் இருக்கிறது என்று அவள் நினைத்துக்கொள்வாள். அதை எந்த டாக்டராலும் பிறகு எடுக்க முடியாது.

சித்தி மகளிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். சின்ன வித்தியாசங்கள் எல்லா உடம்பிலும் உண்டு, ஒவ்வொன்றுக்கும் பயப்பட வேண்டாம். ஒன்பது, பத்து வயதுப் பெண்ணுக்கு ஒரு பக்க மார்பு முதலில் அரும்பி, இன்னொரு பக்கம் சில மாதம் கழித்து வருவது சாதாரணம். அதைக் கட்டி என்று நினைத்து அழுத அம்மாக்களை எனக்குத் தெரியும். கைக்குழந்தை ஒரே பக்கம் தலையைத் திருப்பிப் படுத்து மண்டை ஒரு பக்கம் தட்டையாவதும் பெரும்பாலும் சரியாகிவிடும், கழுத்துத் தசை இறுகியிருக்கிறதா என்று மட்டும் காட்டிவிடுங்கள். ஆனால் கொலுசு, வளையல், செருப்பு, கால்சட்டை இவற்றில் ஒன்று ஒரு பக்கத்துக்கு மட்டும் சேரவில்லை என்றால், குழந்தை சாய்ந்து நடந்தால், அளந்து தேதியோடு எழுதிக்கொண்டு டாக்டரிடம் போங்கள். "பெரிசா இருக்கு" என்று சொல்வதைவிட, இரண்டு அளவுகளைக் காட்டுவதற்கு மதிப்பு அதிகம். "வயித்தையும் ஸ்கேன் பண்ணிப் பார்க்கணுமா?" என்று நீங்களே கேளுங்கள்.

காத்திருக்கக் கூடாதவையும் உண்டு. கையோ காலோ திடீரென்று வீங்கிச் சிவந்து சுட்டால், காய்ச்சலோடு காலை ஊன்ற மறுத்தால், முகத்தின் ஒரு பக்கம் திடீரென்று தொங்கினால், குளிப்பாட்டும்போது வயிற்றில் கட்டி தட்டுப்பட்டால், சிறுநீரில் ரத்தம் தெரிந்தால் அன்றைக்கே போக வேண்டும். வயிற்றில் கட்டி தட்டுப்பட்டால் அதைத் திரும்பத் திரும்ப அழுத்திப் பார்க்காதீர்கள்.

பணம் இல்லையே என்று தள்ளிப்போட வேண்டாம். சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையும் மாவட்டங்களில் இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளும் இருக்கின்றன. 2013 முதல் நடக்கும் ஆர்.பி.எஸ்.கே. என்ற தேசியத் திட்டத்தில், பிறந்ததிலிருந்து பதினெட்டு வயதுவரை உள்ள பிள்ளைகளின் குறைகளைக் கண்டுபிடித்துச் சிகிச்சைக்கு அனுப்ப அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் டாக்டர் குழு வருகிறது. அவர்கள் வரும் நாளில் உங்கள் சந்தேகத்தைச் சொல்லுங்கள்.

குடும்பத்துப் பெரியவர்களிடம் ஒன்று கேட்கிறேன். இப்படி ஒரு குழந்தையைப் பார்த்தால் அதன் அம்மாவிடம் கிரகணத்தையும் பப்பாளியையும் பற்றிக் கேட்காதீர்கள். "அடுத்த ஸ்கேன் எப்போ? நான் கூட வரட்டுமா?" என்று கேளுங்கள். என் அத்தை ஒரு நாள் அப்படிக் கேட்டார்கள். அதற்குப் பிறகு எந்த ஸ்கேனுக்கும் நான் தனியாகப் போகவில்லை.